மேற்குப் பரண்காரி

— சரி, குடிபோகிற பட்டியல்லேர்ந்து கலிபோர்னியாவை ஏன் அடிச்சே?

— அதாவது மார்லிஸ், அங்க ஒரு பெட்டி குண்டு வாங்கப் போனாலும் உன் பூர்வீகத்தை விசாரிப்பாங்க. நீ மத்தவங்களை விசாரிச்சுத்தான் பழக்கம். முதல் நாளே கடைக்காரனோட சண்டை வரும். அதனால கலிபோர்னியாவை முதல்லயே அடிச்சிட்டேன்.

— ஹவாய்?

— விமானத்தை விட்டு இறங்கி நாலஞ்சு நாளுக்குள்ள துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதியணும். அதுவும் போக, அது தீவு. சுத்திலும் தண்ணி. உனக்குத் தண்ணி உறைஞ்சு கிடந்தாத்தானே பிடிக்கும்.

— புளோரிடா என்ன பாவம் பண்ணிச்சு? ஊரே அங்கதான் ஓடுது.

— புளோரிடாவுல காத்தே ஈரம். உங்கப்பாவோட ரைஃபிள் ஒரு வருஷம் தாங்காது, துரு தின்னுடும். அதுக்கு நீ போடுற எண்ணெயில பாதியை என் முழங்காலுக்குப் போட்டிருந்தா நான் இப்ப ஓட்டப் பந்தயத்துல இருப்பேன்.

— வந்துடுச்சுடா முழங்கால். இன்னும் வரலையேனு பார்த்தேன்.

— வலிக்கிறவனுக்குத்தானே தெரியும். அந்தக் கைத்தடியை உன் பக்கம் வாங்கிக்கோ, காலை நீட்டணும். ஆங். அடுத்தது டெக்சாஸ். சட்டப்படி பார்த்தா துப்பாக்கிக்காரங்களுக்குச் சொர்க்கம்.

— அங்க உன் அத்தை பொண்ணு வெர்னா இருக்கா.

— அதான் அடிச்சிட்டேன்.

— நல்ல காரியம். உன் தூண்டில்ல தக்கை ஆடுது பாரு.

— அது நீ ஸ்டவ்வை இடிச்சதால ஆடுது. ஆக, நல்லாப் பார்த்து, நாலு மாசமா உக்காந்து சட்டம் படிச்சு, கடைசியில மிஞ்சினது ஒரே மாநிலம். அரிசோனா. வெயில் இருக்கு. ஈரம் இல்ல. துரு ஏறாது. துப்பாக்கி வச்சிருக்கிற பெரியவங்களை யாரும் எதுவும் கேக்கறதில்ல. அனுமதிச் சீட்டுகூட வேணாம்.

— துப்பாக்கியையே தொடாத ஆளு நீ. வேட்டை முகாம்ல முப்பது வருஷமா கரண்டியைத் தவிர எதையாவது தூக்கியிருக்கியா? உனக்கு எதுக்கு இவ்வளவு சட்டம்?

— துப்பாக்கிக்காரி நீ. சட்டக்காரன் நான். ஒரு வீட்டுக்கு ரெண்டும் வேணாமா?

— எனக்கு இந்த ஊர் போதும்.

— ஊர் போதும்தான். இன்னைக்குக் காலையில வண்டியை எழுப்புறதுக்குள்ள என் கண் இமை ஒட்டிக்கிச்சு. மூக்குக்குள்ள முடி குச்சி குச்சியா நின்னுது. இப்ப நாம உக்காந்திருக்கிறது எங்க? ஏரி மேல, மார்லிஸ். ஏரியில தண்ணி எவ்வளவு கெட்டியாச்சுனா, வண்டியை ஓட்டிட்டு வந்து நடு ஏரியில ஒரு குடிசையைப் போட்டு, ஸ்டவ் பத்த வச்சு, தரையில ஓட்டை போட்டு அதுக்குள்ள மீன் தேடிக்கிட்டிருக்கோம். இதை அரிசோனாக்காரன்கிட்ட சொன்னா நம்ப மாட்டான்.

— நம்பாதவன் ஊர்ல எனக்கென்ன வேலை. இந்தா, இந்தப் பொடிமீனை முள்ளுல கோத்துக் குடு.

— நீயே கோக்கலாமே.

— மூக்குக் கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். முள்ளு கண்ணுக்குத் தெரியலை.

— குடு. காபி ஊத்திக்கோ.

— நீயே ஊத்து. பிளாஸ்க் மூடி உறைஞ்சு போய் இறுகிக் கிடக்கு.

— எங்க, குடு. இதோ, ஒரு திருகுல வந்துடுச்சே.

— நான் இளக்கி வச்சேன், நீ திறந்தே. பெரிய வீரன் மாதிரிப் பேசாதே. அப்புறம், இந்தச் சட்டையை வெந்நீர்ல போட்டியா ஆர்விட்? உன்கிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், கம்பளிச் சட்டையைப் பச்சைத் தண்ணியில அலசுனு. சுருங்கிப் போச்சு. குனிஞ்சா முதுகுல காத்து ஏறுது.

— இருக்கும் இருக்கும். மெஷின் கொஞ்சம் சூடா ஓடுது. பேச்சை மாத்தாதே. அரிசோனாவுல உனக்கு என்ன குறை? சொல்லு, ஒவ்வொண்ணா தீர்த்து வைக்கிறேன்.

— மான்.

— இருக்கு.

— ஆட்டுக்குட்டி அளவுல இருக்கு. படத்துல பார்த்தேன். அதைச் சுட்டு எடுத்துட்டு வந்தா, ஏதோ நாய்க்குட்டியைத் தூக்கிட்டு வர்றேன்னு நினைப்பாங்க.

— சின்ன மான்னா குறி இன்னும் நல்லா இருக்கணும். உனக்கேத்த மான்.

— அதைச் சுடக்கூட குலுக்கல்ல பேர் விழணுமாம். இங்க கடையில போய் நின்னா உரிமத்தைக் கையில குடுக்கறான். அங்க விண்ணப்பம் போட்டுட்டு, பேர் வருமா வராதானு தபாலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். என் வயசுக்குக் குலுக்கலை நம்பி நான் உக்கார முடியுமா?

— நீ நூறு வயசு இருப்பே. எமன் வந்தாலும் முதல்ல அவன் உரிமத்தைக் காட்டச் சொல்லுவே.

— அந்த முதியோர் குடியிருப்பு இருக்கே, நீ படம் காட்டினியே, எல்லா வீடும் ஒரே மாதிரி, வாசல்ல ஒரு கள்ளிச்செடி. அங்க சங்கம்னு ஒண்ணு இருக்காம். வீட்டு முன்னால சுட்ட மானைத் தொங்க விடக் கூடாதாம்.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— நான்தான் போன் பண்ணிக் கேட்டேன். போன் எடுத்த பொண்ணு, மானானு ரெண்டு தடவை கேட்டா. அப்புறம், அம்மா, தொங்குபூச்செடினா விடலாம்னு சொன்னா.

— அட, நீ போன் பண்ணிக் கேட்டியா. அப்போ மனசுல கொஞ்சம் ஆசை இருக்கு.

— எதிரியோட பலம் தெரிஞ்சுக்கக் கேட்டேன். சிரிக்காதே.

— சரி, நேரா கேக்கறேன். சட்டம் ஒத்துப்போச்சு, துரு இல்ல, மான் இருக்கு. அந்த டாக்டரும் என் முழங்காலைப் பார்த்துட்டு வெயில் நல்லதுனு சொல்லிட்டார். நீ ஏன் வர மாட்டேங்கறே?

— இன்னொரு நவம்பர் வேணும்.

— இன்னொரு நவம்பரா? போன நவம்பர் வேட்டைக்கு என்ன குறைச்சல்?

— வெறுங்கையோட திரும்பினேன் இல்ல, அதான். நம்ம காட்டுல மரத்து மேல இருக்கிற மேற்குப் பரண்ல ஏறி உக்காந்து நான் வெறுங்கையோட இறங்கினதே கிடையாது. அதோட ஊரை விட்டுப் போனா, கிழவிக்கு மான் அகப்படலை, அதான் ஓடிட்டானு பேசுவாங்க. ஒரே ஒரு நவம்பர். ஒரு மான். அப்புறம் நீ கூப்பிடற கள்ளிச்செடிக்கு வரேன்.

— போன மாசமும் இதையேதான் சொன்னே.

— போன மாசம் கூரை ஒழுகுதுனு சொன்னேன். அது வேற.

— மார்லிஸ், இன்னொரு குளிரு. என் முழங்கால் தாங்காது. நவம்பர்லேர்ந்து நான் எப்படி நடக்கறேன்னு பார்க்கறே இல்ல. முகாம் படியில சறுக்கினதுலேர்ந்து இது என் கால் மாதிரியே இல்ல. கைத்தடி இல்லாம கழிப்பறைக்குக்கூடப் போக முடியலை. நீதானே பிடிச்சுக் கூட்டிட்டுப் போறே.

— பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுல எனக்கொண்ணும் சிரமமில்ல.

— எனக்கு இருக்கு.

— அங்க டெல்மர் வண்டி வருது.

— எங்கே?

— கரையிலேர்ந்து திரும்பறான் பாரு. ஒரு பக்க விளக்கு எரியலை. மாத்துடானு போன மாசமே சொன்னேன்.

— கண்ணாடி இல்லாம ஒரு மைல் தள்ளி விளக்கு எரியலைனு தெரியுது. கையில இருக்கிற முள்ளு மட்டும் தெரியாதாக்கும்.

— தூரப் பார்வை நல்லாருக்கு. கிட்டத்துலதான் தெரியலை. போய் உன் தக்கையைப் பாரு.

— மேற்குப் பரண்மேல உன் தம்பிக்கு ஒரு கண்ணு. நாம போறோம்னு கேள்விப்பட்டா இன்னைக்கே மெத்தையைத் தூக்கிட்டுப் போய்ப் பரண்ல போட்டுக்குவான்.

— போடுவான். கத்திரிக்கோலையும் கேப்பான். முகாம் சுவத்துல பாதி அவன் சட்டை வால்தான் தொங்குது. குறி தப்பினவன் சட்டையோட பின் வாலை அறுத்து ஆணி அடிக்கணும்னு எங்கப்பா சட்டம் போட்டாலும் போட்டார், அந்தச் சட்டத்துக்கு ஒத்தை ஆளா உழைச்சவன் டெல்மர். அவன் வாலையெல்லாம் சேர்த்துத் தைச்சா ரெண்டு போர்வை வரும்.

— உன் வால் ஒண்ணுகூட இல்ல.

— இருந்தா கத்திரிக்கோல் என்கிட்ட இருக்குமா? வால் போகாதவங்கதான் வெட்டணும். அதுவும் அப்பா சட்டம்தான்.

— கதவைத் தட்டறான். உள்ளே வாடா டெல்மர், கதவைச் சீக்கிரம் சாத்து.

— அக்கா, அத்தான், கேளுங்க, முதல்ல இதைக் கேளுங்க. நம்ம காட்டுல திருட்டு நடந்திருக்கு. சத்தியமாச் சொல்றேன், ரத்தம் கொதிக்குது எனக்கு.

— ரத்தம் கொதிச்சா ஸ்டவ் பக்கம் உக்காராதே. பூட்ஸைத் தட்டிட்டு வா. தரையெல்லாம் பனி.

— என்னடா திருட்டு?

— அத்தான், மேற்குப் பரணுக்கு நேர் எதிரே ஒரு பெரிய பிர்ச் மரம் இருக்கே, வெள்ளையா, போன மாசக் காத்துல சாஞ்சுதே. அதைத் துண்டு போட்டு விறகாக்கலாம்னு மெஷின் ரம்பத்தைத் தூக்கிட்டுப் போனேன். ரெண்டாவது துண்டு. நல்லாப் போய்க்கிட்டிருந்தது. திடீர்னு ஒரு கீச்சு. பொறி பறக்குது. ரம்பத்துச் சங்கிலி அறுந்து என் தொப்பியை உரசிட்டுப் போச்சு. என்னடானு பார்த்தா, மரத்துக்குள்ள இது.

— காட்டு.

— இந்தாங்க. குண்டு. ஈயம் இன்னும் பளபளங்குது. பழைய குண்டா இருந்தா மரம் மூடி வளர்ந்திருக்கும். இது புதுசு. இந்த சீசன்ல போனது. அக்கா, நீயும் பாரு. உன் ரைஃபிள் அளவேதான்.

— வெளிச்சம் பத்தலை, டெல்மர்.

— நான் நல்லா யோசிச்சுப் பார்த்தேன் அக்கா. அந்த இடத்துல உக்காந்து சுடறது நீ ஒருத்திதான். நீ தப்ப மாட்டே. நீ சுட்டா குண்டு மானுக்குள்ள இருக்கும், மரத்துக்குள்ள இருக்காது. அப்போ வேற யாரு? இதே அளவுல பழைய ரைஃபிள் வச்சிருக்கிறது இந்தப் பக்கத்துல ஒரே ஆளு. நார்ட்பி.

— நார்ட்பியா? அவன் வேலியைத் தாண்டி வர்றவன் இல்லடா.

— வந்திருக்கான் அத்தான். நீங்க வேணா நினைச்சுப் பாருங்க, போன நவம்பர்ல அக்காவுக்கு ஒரு மான்கூட வரலை. ஏன் வரலை? நார்ட்பி நம்ம பரண்ல ஏறி, வர்ற மானையெல்லாம் சுட்டு விரட்டிட்டான். சுடத் தெரியாம சுட்டிருக்கான், மரத்துல வாங்கியிருக்கு. எங்கக்காவோட பேரைக் கெடுத்ததே அவன்தான்.

— அதாவது டெல்மர், அது பழைய குண்டா இருக்கலாம். மரத்துக்குள்ள எது எப்ப போச்சுனு யாருக்குத் தெரியும்? இதை இப்படி விட்டுடு. இந்தா, காபி குடி. அவித்த முட்டை இருக்கு.

— முட்டையா முக்கியம்? அவன் குடிசை இதே ஏரியில அந்த முனையில இருக்கு. புகை வருது, ஆள் உள்ள இருக்கான். நேராப் போறேன். கதவைத் திறக்கறேன். குண்டை மடியில போடறேன். எழுந்து நில்லுடானு சொல்லிச் சட்டை வாலை அறுக்கறேன். நம்ம காட்டுல குறி தப்பினா நம்ம காட்டுச் சட்டம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பேன்கேக் சாப்பிட எல்லாரும் வருவாங்க இல்ல, அங்க ஊர் பார்க்கத் தொங்க விடறேன். அக்கா, கத்திரிக்கோல் எங்க? அந்தத் தூண்டில் பெட்டியிலதானே இருக்கும்?

— உக்காரு.

— முதல்ல கத்திரிக்கோலைக் குடு, அப்புறம் உக்காரறேன்.

— உக்காருடா டெல்மர்.

— உக்காந்துட்டேன்.

— நார்ட்பிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அது என் குண்டு.

— எது?

— உன் கையில இருக்கிறது. நான் சுட்டது. வேட்டை தொடங்கின முதல் நாள், பொழுது விடிஞ்சு கொஞ்ச நேரத்துல.

— அக்கா, நார்ட்பியைக் காப்பாத்த நீ இப்படியெல்லாம் சொல்ல வேணாம். அவன் அதுக்கு லாயக்கான ஆள் இல்ல.

— மான் வந்துச்சுடா. வரலைனு நான்தான் சொன்னேன். பெரிய கொம்பு. கல்யாண ஊர்வலம் போற மாதிரி மெதுவா நடந்து வந்து, எனக்குப் பக்கவாட்டுல நின்னுச்சு. இங்கேர்ந்து உன் வண்டி நிக்கிற தூரம்கூட இருக்காது. உனக்கே தப்பாது.

— எனக்குத் தப்பும்.

— சரி, உனக்குத் தப்பும். வேற யாருக்கும் தப்பாது.

— அப்புறம் எப்படி?

— விரல். கிளவுஸைக் கழட்டி டிரிகர் மேல வச்சேன்னு நினைச்சேன். வச்சேனா இல்லையானே தெரியலை. மரக்கட்டை மாதிரி வெள்ளையா நிக்குது. என் கைதானானு குனிஞ்சு பார்த்தேன். பார்க்கும்போதே வெடிச்சுடுச்சு. நான் சுடலைடா டெல்மர், அதுவா சுட்டுக்கிச்சு. மான் என்னைத் திரும்பிப் பார்த்துட்டு, வந்த மாதிரியே மெதுவாப் போச்சு. ஓடக்கூட இல்ல. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

— அக்கா.

— எனக்கு வெக்கமா இருந்துச்சு. இறங்கி வந்து, ஒண்ணுமே வரலைனு சொல்லிட்டேன். அன்னைக்குச் சாயந்தரம் நீ ஒரு மானைத் தப்பவிட்டே, உன் வாலை நானே அறுத்தேன், ஞாபகம் இருக்கா? அறுக்க எனக்கு அருகதை இல்ல. தெரிஞ்சேதான் அறுத்தேன். நீ வேற, அக்கா கை எவ்வளவு சுத்தமா வெட்டுதுனு எல்லார்கிட்டேயும் காட்டிக்கிட்டிருந்தே. ராத்திரி தூக்கமே வரலை.

— அது நல்ல சட்டைகூட.

— தெரியும்.

— கிறிஸ்துமஸுக்கு நீ குடுத்த சட்டை அக்கா.

— தெரியும்டா. வேற வாங்கித் தரேன். ஆர்விட், நீ ஏன் ஓட்டையையே பார்த்துக்கிட்டிருக்கே?

— தக்கையைப் பார்க்கறேன்.

— கேட்டுக்கோ. இன்னொரு நவம்பர் வேணும்னு நான் ஏன் கேட்டேன்னு இப்பப் புரிஞ்சுதா? ஊர் பேசும்னு சொன்னதெல்லாம் சும்மா. தப்பினதோட முடிச்சுக்க மனசு வரலை. ஒரு மானைச் சரியா சுட்டுட்டு, பரணை விட்டு நானா இறங்கணும்னு பார்த்தேன். ஆனா இவன் தொப்பியில சங்கிலி உரசினதைக் கேட்டதும் அந்த ஆசையை விட்டுட்டேன். என் குண்டு மரத்துல கிடந்ததுக்கே இவன் தலை தப்பினது பெரிசு. விரலுக்குத் தெரியாம வெடிக்கிற துப்பாக்கியை வச்சுக்கிட்டு இந்தக் குளிர்ல நான் பரண்ல உக்காரக் கூடாது. எதிர்ல மரத்துக்குப் பதிலா ஆள் நின்னிருந்தா?

— நல்ல வேளை, நான் எப்பவும் உனக்குப் பின்னாடிதான் நிப்பேன் அக்கா.

— ஆகவே பரண் உனக்கு, டெல்மர். கத்திரிக்கோல் பெட்டியில இருக்கு, எடுத்துக்கோ.

— எனக்கா? என் வால்தான் சுவர் நிறைய இருக்கே. சட்டப்படி நான் வச்சுக்க முடியாதே.

— இப்ப வால் போகாதவங்க யாருமே இல்ல. அதிகமா போனவன் வச்சுக்கோ. இனிமே அதுதான் சட்டம். நான் போடறேன்.

— அத்தான், கேட்டுக்கிட்டீங்களா? நீங்கதான் சாட்சி. சத்தியமா, இந்த நாளுக்காக நான் எவ்வளவு காலம் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா. வந்ததும் ஏனோ சந்தோஷமே இல்ல. இல்ல இல்ல, கொஞ்சம் இருக்கு. ஆனா ஒரு நிமிஷம், பரணை எனக்குக் குடுத்துட்டு நீ எங்க போறே?

— அரிசோனாவுக்கு. உங்கத்தானுக்கு முழங்கால் வலி. நாலு மாசமா உக்காந்து, துப்பாக்கிக்காரி இருக்கத் தோதான மாநிலம் எதுனு தேடிக் கண்டுபிடிச்சு வச்சிருக்கார். நான் ஒரு மானுக்காக இழுத்தடிச்சுட்டேன். போதும். உன் முழங்காலுக்காக வரேன் ஆர்விட். வாசல்ல கள்ளிச்செடி பக்கத்துல நாற்காலி போட்டு உன்னை உக்கார வைக்கிறேன்.

— நிசமாவா மார்லிஸ்?

— நான் ரெண்டு தடவை சொல்ல மாட்டேன்.

— ஐயையோ, அப்போ முகாம்ல சமையல் யாரு? அத்தான் போயிட்டா கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுடுற அந்த ஹாட்டிஷ் யாரு பண்ணுவா? பரணை வாங்கிட்டுச் சோத்தைத் தொலைச்சுட்டேனே.

— கத்துக்கோ. இப்ப எழுந்திரு. வேலையை முடி.

— என்ன வேலை?

— என் வாலை அறு. தப்பவிட்டேன்னு வாயால ஒத்துக்கிட்டேன் இல்ல. அன்னைக்குப் போட்டிருந்த சட்டை இதேதான். கோட்டைத் தூக்கறேன், பின்னாடி வா. நேரா வெட்டு. கோணலா வெட்டினே, அரிசோனாவுலேர்ந்து திரும்பி வந்து உதைப்பேன்.

— கோட்டை நல்லாப் பிடிச்சுக்கோ அக்கா. அப்பா இருந்திருந்தா... சரி. எங்க, வாலை வெளிய எடு. இல்லையே. இன்னும் மேல எடு.

— எடுத்துட்டேனே.

— அக்கா, வால் இல்ல.

— என்னடா உளறறே?

— சத்தியமா. உன் சட்டைக்கு வாலே இல்ல. யாரோ ஏற்கெனவே வெட்டியிருக்காங்க. நேரா வெட்டி, ஓரத்தை மடிச்சு அழகா தைச்சு வச்சிருக்காங்க. சிவப்பு நூல்.

— சிவப்பு நூலா? நம்ம வீட்டுல துணி துவைக்கிறதும் பித்தான் தைக்கிறதும் ஒரே ஆளு.

— அதாவது...

— ஆர்விட்.

— அதாவது மார்லிஸ், நவம்பர்லயே வெட்டிட்டேன். முகாம்லேர்ந்து வந்த அன்னைக்கு, துவைக்கப் போடறதுக்கு முன்னாடி.

— சுருங்கிப் போச்சுனு நான் நாலு மாசமா மெஷினைத் திட்டிக்கிட்டிருக்கேன். எப்படித் தெரிஞ்சுது?

— அடுப்புல பன்றிக்கறி வதக்கிக்கிட்டிருந்தேன். மேற்கே உன் ரைஃபிள் வெடிச்சுது. அந்தச் சத்தத்தை நான் கூட்டத்துல கேட்டாலும் கண்டுபிடிப்பேன். சுட்டதும் நீ விசில் அடிப்பே, நான் மானை ஏத்தப் பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கிட்டு வருவேன், அதானே வழக்கம். விசில் வரலை. அடுப்பைக் குறைச்சு வச்சுட்டு வாசல்லயே நின்னேன். அப்புறம் நீ வந்து, ஒண்ணுமே வரலை, பசிக்குதுனு சொன்னே. சோறு போட்டேன்.

— அவ்வளவுதானா? ஒரு வார்த்தை கேக்கலையே நீ.

— நீ சொல்லலை. நான் கேக்கலை. ஆனா சட்டம்னா சட்டம். உங்கப்பா ஆவி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அதான் வெட்டி, உன் ரைஃபிள் பெட்டியில மெத்தைக்கு அடியில வச்சேன்.

— அத்தான், உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சும் நான் நார்ட்பியை அடிக்கக் கிளம்பினப்போ பேசாம இருந்தீங்களே.

— முட்டை குடுத்துத் தடுத்தேனேடா.

— என்னமோ போ ஆர்விட். கூட இருந்துக்கிட்டே எவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சு... டெல்மர், அங்க பாரு, அவர் தக்கை எங்க?

— உள்ள போயிடுச்சு. அத்தான், தூண்டில் போகுது, தூண்டிலே போகுது, பிடிங்க.

— விடு விடு, நகரு, நான் பிடிச்சுக்கறேன். ஸ்டவ்வைத் தள்ளு. பெரிசுடா இது. இரு, மண்டி போட்டுக்கறேன். நூலை விடறேன். வருது. திரும்பப் போகுது. டெல்மர், அந்தப் பக்கம் தாண்டி வரேன், காலை எடு.

— அத்தான், பார்த்து, மெதுவா. அடேயப்பா, வாளியைத் தாண்டிக் குதிக்கறாரே.

— பேசாதே, தலை தெரியுது. குந்தி உக்காந்தாத்தான் கைக்கு எட்டும். இதோ. வாடா கண்ணு. பிடிச்சுட்டேன். பாரு மார்லிஸ், என் முழங்கையளவு இருக்கு.

— பார்த்தேன்.

— நாளைக்கு இதையே பொரிச்சுடலாம். ஏன் ரெண்டு பேரும் மீனைப் பார்க்காம என்னையே பார்க்கறீங்க?

— அத்தான், நீங்க குந்தியில்ல உக்காந்திருக்கீங்க.

— ஆர்விட், உன் கைத்தடி என் மடியில இருக்கு.

— ஆமா, உன் மடியிலதான் இருக்கு.

— நாலு மாசமா உன்னைக் கழிப்பறைக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர் வெயில் நல்லதுனு சொன்னார்னே. உன் முழங்காலுக்கு என்னதான் ஆச்சு?

— வெயில் நல்லதுனு டாக்டர் சொன்னது நிசம், மார்லிஸ். நான் கேட்டது உன் விரலைப் பத்தி, அன்னைக்குச் சோறு போட்டப்பவே அது வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். என் முழங்காலுக்கு என்னைக்குமே ஒண்ணும் ஆகலை. அந்த ஊர் வெயில்ல டிரிகர் எங்க இருக்குனு உன் விரலுக்குத் தெரியும்.